எங்கள் படத்தை யார் எடுப்பது?



இம்மாதப் பத்தியை நான் செய்த ஒரு தவறில் இருந்து தொடங்குகிறேன்.

நான் வேலை செய்யும் பகுதியில் ஒரு மாதர் சங்கம் கறித்தூளும் அரிசிமாவும் தயாரித்து விற்கின்றது. அங்கத்தவர்கள் 18 பேர். பெரும்பாலானோர் யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள். சிலரது கணவர்மார் காணாமற்போனவர்கள். சங்கத்தைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் அச்சிட உதவி நிறுவனமொன்று பணம் ஒதுக்கியது. எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரே இரவில் எழுதி முடித்து, ‘கண்ணீரில் வாழும் பெண்கள்’ என்று தலைப்பும் போட்டேன். முகப்பில், வாசற்படியில் குந்தியிருந்து எங்கேயோ பார்க்கும் ஓர் அம்மாவின் படம். 500 பிரதிகள் அச்சாகி வந்தன.

அந்த அம்மாவுக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தோசப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, எழுத்துக் கூட்டி வாசித்து முடித்துவிட்டுக் கேட்டார்: “இதைப் பாத்தால் ஆர் பிள்ளை தூள் வாங்குவினம்? பிச்சைதான் போடுவினம்.”

எனக்குப் பதில் இருக்கவில்லை. ஒரு சங்கம் தன்னைப் பற்றி வெளியுலகுக்கு என்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்பதைத்தான் ‘மக்கள் தொடர்பு’ என்கிறார்கள். பெரிய கம்பனிகள் இதற்கென்றே ஆட்களை வைத்திருக்கின்றன. எங்கள் கிராமத்துச் சங்கங்களுக்கு என்னைப் போன்ற யாராவது ஒரு இரவில் செய்து கொடுத்துவிடுகிறோம், கேட்காமலே.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் வாசித்த ஒரு நூல் நினைவுக்கு வந்தது. அமெரிக்கரான நெட் பொல்ஸ்கி 1967 இல் வெளியிட்டது. ‘பூல்’ என்ற மேசை விளையாட்டு நடக்கும் கூடங்களைப் பற்றிய ஆய்வு அதில் இருக்கிறது. கல்யாணம் கட்டாத ஆண்கள் வீட்டையும் பெண்களையும் விட்டு ஒதுங்கியிருந்த கோட்டையாகவே அந்தக் கூடங்கள் இருந்தன என்று அவர் எழுதுகிறார். அப்படிப்பட்ட ஒரு இடத்தில் பெண்கள் நுழைந்து, அதையே தொழிலாகச் செய்து, தங்களுக்கென்று ஒரு சங்கமும் வைத்தார்கள் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். அந்தச் சங்கம் தன் பெயரை எப்படிக் காப்பாற்றிக்கொண்டது, எங்கே சறுக்கியது என்பதுதான் இம்மாத விடயம். எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். கரம் எல்லோருக்கும் தெரியும். இடம்பெயர்ந்திருந்த முகாம்களில்கூட ஒரு கரம் போட் எங்கேயாவது கிடக்கும். அதைப் பெரிய மேசையாக்கி, பச்சைத் துணி விரித்து, நான்கு மூலையிலும் இரண்டு நீளப் பக்கங்களின் நடுவிலும் ஆறு பைகள் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். விரலால் சுண்டுவதற்குப் பதில் நீண்ட கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, மற்றப் பந்துகளைப் பைக்குள் விழுத்த வேண்டும். ‘ஒன்பது பந்து’ என்ற வகையில் 1 முதல் 9 வரை இலக்கமிட்ட பந்துகள் இருக்கும். மேசையில் உள்ளவற்றில் குறைந்த இலக்கத்தையே வெள்ளைப் பந்து முதலில் தொடவேண்டும். விதிப்படி அடித்து 9 ஆம் பந்தை விழுத்துபவர் வெற்றி. பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் எல்லாம் இதே குடும்பம். எங்கள் நாட்டைச் சேர்ந்த எம்.ஜே.எம். லாபீர் 1973 இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் பட்டம் வென்றவர். அதனால் இது எங்களுக்கு முற்றிலும் அந்நியமான விளையாட்டும் அல்ல.

பூல் என்ற பெயரே அந்த விளையாட்டுக்குத் தீராத தலையிடியாக அமைந்தது. ‘பூல்’ என்றால் பலர் சேர்ந்து கட்டும் பந்தயப் பணம். 19 ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் இடங்களை ‘பூல் அறை’ என்று அழைத்தார்கள். ஒரு ஓட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை ஆட்கள் பொழுதுபோக்கட்டும் என்று அங்கே பில்லியர்ட் மேசைகளைப் போட்டார்கள். பந்தயத்துக்கு இருந்த கெட்ட பெயர் அப்படியே மேசைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. 1961 இல் வெளியான ‘த ஹஸ்லர்’ என்ற புகழ்பெற்ற திரைப்படமும் பணம் கட்டி ஆளை ஏமாற்றும் ஆட்டக்காரனின் கதைதான். அங்கே போகிற ஆணையே ஊதாரி என்றார்கள். போகிற பெண்ணை என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுதவேண்டியதில்லை. பொழுதுபட்டபின் வெளியே போன பெண்ணுக்கு எங்கள் ஊரில் என்ன பேச்சு விழும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்படியிருந்தும் பெண்கள் விளையாடினார்கள். மசாகோ கட்சுரா என்ற ஜப்பானியப் பெண்ணைப் பற்றி இங்கே இரண்டு வரி சொல்லத்தான் வேண்டும். 1913 இல் பிறந்தவர். அக்காவின் கணவருடைய பில்லியர்ட்ஸ் கூடத்தில் விளையாட்டைப் பழகினார். இரண்டாம் உலகப் போரில் தோற்று நொந்துபோன நாட்டில், ஆக்கிரமித்திருந்த அமெரிக்கப் படையினர் முன்னால் ஆடிக் காட்டினார். பின் அவர்களில் ஒருவரை மணந்து அமெரிக்கா போனார். 1952 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மூன்று குஷன் பில்லியர்ட்ஸ் உலகப் போட்டியில் பத்துப் பேரில் ஒரே பெண்ணாக ஆடி ஏழாம் இடம் பெற்றார். பத்திரிகைகளோ அவர் ஐந்தடி உயரம் என்பதையும் அவரது நிறையையும் சலிக்காமல் எழுதின. அவரைப் பற்றி என்ன எழுதுவது என்று தீர்மானிக்க அவர் பக்கம் யாரும் இருக்கவில்லை. தனியாளாக இருந்தால் அப்படித்தான்.

1967 இல் அமெரிக்காவில் பெண்களுக்கும் தேசியப் போட்டி வைத்தார்கள். டொரதி வைஸ் என்பவர் அதைத் தொடர்ந்து ஐந்து வருடம் வென்றார். பின்னர் புரூக்ளினைச் சேர்ந்த ஜீன் பலூகாஸ் வந்தார். ஆறு வயதில் நியூயோர்க்கின் பெரிய ரயில் நிலையத்தில் ஆடிக் காட்டிய பிள்ளை. 1972 முதல் 1978 வரை ஏழு தடவை தொடர்ச்சியாக அந்தப் பட்டத்தை வென்றார். இந்தக் காலத்தில்தான், 1976 இல், பெண்கள் தொழில்முறை பில்லியர்ட் சங்கம் உருவானது.

சங்கம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. பெண்களுக்கான ஆட்டங்கள் பெரும்பாலும் ஆண்களின் போட்டியோடு ஒட்டி, ஓரத்தில் நடந்தன. பரிசுப் பணமும் குறைவு. தலையங்கம் ஆண்களுக்கு, அடியில் சின்ன எழுத்துப் பெண்களுக்கு. 1993 இல் பெண்கள் ஒரு முடிவெடுத்தார்கள். ஆண்களின் சுற்றை விட்டு வெளியேறி, ‘கிளாசிக்’ என்ற பெயரில் தங்கள் சொந்தப் போட்டித் தொடரைத் தொடங்கினார்கள். பெரியவர்களின் நிழலை விட்டு வெளியே போனால் வெயில் சுடும். மண்டபம் பிடிப்பது, அனுசரணையாளரைத் தேடுவது, தொலைக்காட்சியோடு பேசுவது எல்லாம் இனி இவர்கள் தலையில். ஆனால் தங்களைப் பற்றி என்ன சொல்வது என்பதும் இவர்கள் கைக்கு வந்தது.

அவர்கள் செய்த வேலைகளைப் பார்த்தால் எல்லாம் சாதாரணமானவை. உடைக்கு ஒழுங்கு விதி வைத்தார்கள். குடித்துவிட்டுச் சண்டை போடும் இடம் என்ற நினைப்பை அழிக்கவேண்டுமே! ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் ஒரு கதை உண்டென்று பத்திரிகைக்காரருக்குச் சொன்னார்கள். லோரி ஜோன் ஜோன்ஸ் 15 வயதில் உலகப் பட்டம் வென்றவர், மூன்று பிள்ளைகளின் தாய். விவியன் வில்லரியல் தன் அம்மம்மா நடத்திய மதுக்கடையில் சிறுமியாக இருந்தபோதே கோல் பிடித்தவர். ஈவா மதாயா சுவீடனில் இருந்து வந்தவர், நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையின் அட்டையிலேயே அவருடைய படம் வந்தது. ஆளுக்கொரு பட்டப்பெயரும் இருந்தது. இங்கிலாந்தில் இருந்து வந்த அலிசன் ஃபிஷருக்கு ‘அழிவின் கோமகள்’ என்ற கருத்தில் ஒரு பெயர். வட அயர்லாந்தின் கரன் கோருக்கு ‘அயர்லாந்துப் படையெடுப்பாளர்’. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பெயர் மனதில் நிற்கும். விளையாட்டும் தொலைக்காட்சிக்குத் தோதாக மாறியிருந்தது. ஜீன் பலூகாஸ் வென்ற பழைய வகை ஆட்டம் மணிக்கணக்காக இழுபடும். ஒன்பது பந்து சில நிமிடங்களில் முடிந்துவிடும், பார்ப்பவருக்கு விளங்கவும் சுலபம். ஈ.எஸ்.பி.என் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சியில் பெண்களின் இறுதி ஆட்டங்கள் தொடர்ந்து காட்டப்பட்டன. 1990களின் முடிவில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் பூல் என்றால் பெரும்பாலும் பெண்களின் ஆட்டம் என்ற நிலை வந்தது. ஓரத்தில் ஆடியவர்கள் நடுவுக்கு வந்துவிட்டார்கள்.

இவ்வளவும் வாசித்தபோது எனக்கு உற்சாகமாக இருந்தது. பிறகு ஜீனெட் லீயின் கதைக்கு வந்தேன்.

கொரியாவில் இருந்து குடியேறிய பெற்றோருக்கு 1971 இல் நியூயோர்க்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே முதுகெலும்பு வளையும் நோய். பதின்மூன்று வயதளவில் சத்திரசிகிச்சை செய்து முதுகில் உலோகக் கம்பிகளைப் பொருத்தினார்கள். கூனிக்கொண்டு ஆடவேண்டிய விளையாட்டு அல்லவா இது? அந்த முதுகோடுதான் நாட்கணக்காகப் பயிற்சி செய்தார். 1993 இல் தொழில்முறை ஆட்டக்காரியானார். அடுத்த வருடமே முதல் நிலைக்கு வந்தார். எப்போதும் கறுப்பு உடுப்பு, நீண்ட கறுப்புத் தலைமயிர், எதிராளியை விழுங்குவது போன்ற பார்வை. பயிற்சி செய்த கூடத்தில் இருந்தவர்கள் வைத்த பெயர் ‘கறுப்பு விதவை’. இணையைத் தின்னும் என்று சொல்லப்படும் ஒரு சிலந்தியின் பெயர் அது. அந்தப் பெயரும் அந்தப் படமும் அமெரிக்கா முழுவதும் போயின. பூல் பற்றி எதுவுமே தெரியாதவர்களுக்கும் அவரைத் தெரிந்தது. சங்கத்தின் மக்கள் தொடர்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒன்பது பந்து உலகப் பட்டத்தை அலிசன் ஃபிஷர் 1996, 1997, 1998, 2001 என்று நான்கு தடவை வென்றார். ஜீனெட் லீ அதை ஒரு தடவையும் வெல்லவில்லை. 2001 இல் ஜப்பானின் அக்கிதாவில் நடந்த உலக விளையாட்டு விழாவில் தங்கம் வென்றார். திறமை இல்லாதவர் என்று யாரும் சொல்லமுடியாது. என்றாலும் வெளிச்சம் திறமையின் அளவுக்கு ஏற்பப் பங்கிடப்படவில்லை. மற்ற ஆட்டக்காரிகள் சிலருக்கு இதில் மனக்கசப்பு இருந்தது. அது வெறும் பொறாமை என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. ஒரு சங்கத்தில் ஒருவரின் படம் மட்டும் திரும்பத் திரும்ப வெளியே போனால் மற்றவர்கள் மனம் எப்படியிருக்கும் என்பதைக் கூட்டங்களில் நானே கண்டிருக்கிறேன்.

அந்தப் படம் ஜீனெட்டுக்கும் முழு நன்மை செய்யவில்லை. கறுப்பு உடுப்பைப் பார்த்தவர்கள் அதற்குள் இருந்த கம்பிகளைப் பார்க்கவில்லை. பல தடவை சத்திரசிகிச்சை, தீராத வலி. அவரே அதைப் பேசத் தொடங்கி, முதுகெலும்பு வளைவு நோயாளர்களுக்கான அமைப்பின் பேச்சாளராக நின்றார். 2021 இல் தனக்கு முற்றிய சூலகப் புற்றுநோய் என்பதையும் வெளியே சொன்னார். 2022 இல் ஈ.எஸ்.பி.என் அவரைப் பற்றி ஆவணப்படம் வெளியிட்டது. வலியைப் பற்றிச் சொல்வது பிழை என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னார், தான் விரும்பிய நேரத்தில், தன் வாயால். ‘கண்ணீரில் வாழும் பெண்கள்’ என்று எழுதும்போது அந்த அம்மாவின் வலியை நான் சொன்னேன், அவரைக் கேட்காமல்.

சங்கத்தின் கதையில் வேறு கீறல்களும் உண்டு. ஜீன் பலூகாஸ் 1988 இல் ஒரு போட்டியில் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று சங்கம் அபராதம் போட்டது. அவர் கட்ட மறுத்தார். விளையாட்டையே விட்டுவிட்டுப் போய், குடும்பத்தின் பில்லியர்ட்ஸ் கூடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். அப்போது வயது 29. நல்ல பெயர் வேண்டும் என்று நிற்கும் சங்கம் தன்னுடைய மிகச் சிறந்த அங்கத்தவரை இழந்தது. யார் பக்கம் நியாயம் என்று இத்தனை தூரத்தில் இருந்து நான் சொல்லமாட்டேன். கூப்பிட்டு இருத்திக் கதைத்திருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது. இன்னொன்று, சூதாட்டப் பெயரைக் கழுவப் பாடுபட்ட சங்கத்தின் போட்டிகளில் பல பின்னாட்களில் சூதாட்ட விடுதிகளில் நடந்தன. மண்டபமும் பணமும் தர அவர்கள்தான் முன்வந்தார்கள். அனுசரணை என்பது எப்போதும் ஏதோ ஒரு நூலோடுதான் வரும், எங்களுக்கு வரும் திட்டப் பணமும் அப்படித்தான். 2008 இல் அமெரிக்கப் பொருளாதாரம் விழுந்ததைத் தொடர்ந்து போட்டிகள் வெகுவாகக் குறைந்தன, தொலைக்காட்சி வெளிச்சமும் மங்கியது. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வருமானத்துக்கு ஒரே கதவை நம்பியிருந்தால் இந்த நிலைதான். சங்கம் கலைந்துபோகவில்லை. இன்றும் போட்டிகள் நடத்துகிறது.

இந்தக் கதையை எங்கள் கறித்தூள் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சொன்னேன். ‘கறுப்பு விதவை’ என்ற இடம் வந்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது. நல்ல காரியத்துக்கு முன்வரிசையில் நிற்கவிடாத சொல்லை ஒரு பெண் பட்டமாகச் சூடிக்கொள்வதா? படத்தில் இருந்த அந்த அம்மாதான் கேட்டார்.

“அவவின்ர மனுசன் செத்துப்போனவரே?”

“இல்லை அம்மா, அது ஒரு சிலந்தியின்ர பேர்.”

“அப்ப அவவுக்கு அது சட்டை மாதிரி. போடலாம், கழட்டலாம்” என்றார். “எங்களுக்கு அப்பிடியே?”

கணவரை இழந்த இளம் பெண் ஒருவர் உடனே எழும்பினார். “மிஸ், எங்கட பிரசுரத்தில அந்தச் சொல்லும் வேண்டாம், ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ எண்டதும் வேண்டாம். தூள் விக்கிறம். தூளைப் பற்றி எழுதுங்கோ.” கணவர் காணாமற்போன ஒருவருக்கு அதில் உடன்பாடில்லை. “நாங்கள் ஆர் எண்டு சொல்லாமல் விட்டால், எங்களுக்கு நடந்ததும் இல்லையெண்டு ஆயிடும்” என்றார். இரண்டும் நியாயம். இரண்டரை மணித்தியாலம் போனது. நான் வாய் திறக்கவில்லை, அதற்கே எனக்கு நிறையப் பொறுமை வேண்டியிருந்தது.

கடைசியில் கைதூக்கி முடிவெடுத்தார்கள். முகப்பில் அரைக்கும் இயந்திரமும் அதைச் சுற்றி நிற்கும் அனைவரும் இருக்கவேண்டும். முகம் தெரிவதை விரும்பாத மூன்று பேர் மிளகாய் காயவிடும் பாயருகில் முதுகு காட்டி நிற்பார்கள். உள்ளே தூளின் வகை, நிறை, விலை, எங்கே வாங்கலாம், செயலாளரின் தொலைபேசி இலக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரேயொரு பந்தி, சங்கம் ஏன் தொடங்கப்பட்டது என்று. அதைக் காணாமற்போனவரின் மனைவி எழுதித் தந்தார். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். ஆரம்பத்தில் நிறுவனத்தார் சம்மதிக்கவில்லை. முன்னையதுதான் மனதைத் தொடுகிறது என்றார்கள். தலைவியும் செயலாளரும் நேரே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

புதியது அச்சாகிவிட்டது. பழைய பிரசுரங்களில் மிஞ்சியவை சங்கக் கட்டடத்தில் ஒரு பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றின் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் நாளாந்த விற்பனைக் கணக்கை அதில்தான் எழுதுகிறார்கள்.